மின்சாரக் கார் உண்மையான பெர்ஃபார்மன்ஸ் கார் ஆகுமா?

பல ஆண்டுகளாகப் பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார்களையே ஓட்டி வந்தவர் நீங்கள். அடுத்து வாங்குவது மின்சாரக் காராக இருக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்டுவதில் நான்கு கதவுள்ள மின்சாரக் கார்கள்கூடப் பெரிய பெயர் பெற்ற பெட்ரோல் கார்களை முந்திவிட்ட பிறகும் இன்ஜினை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் பழைய பாசம்தானா, அல்லது ஓட்டுபவரின் பார்வையில் அதற்கு நியாயமான காரணம் உண்டா என்பது உங்கள் கேள்வி.

நியாயமான காரணம் உண்டு என்றே நான் கருதுகிறேன். ஆனால் கார் பிரியர்களில் பெரும்பாலோர் எடுத்த எடுப்பில் சொல்லும் காரணத்தை நான் முதலில் சொல்ல மாட்டேன். சத்தம் இல்லை, உயிரோட்டம் இல்லை என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். மின்சார பெர்ஃபார்மன்ஸ் கார்களிடம் எனக்குள்ள பெரிய மனக்குறை அவற்றின் எடை. மற்ற குறைகளில் பாதி அந்த எடையிலிருந்து கிளைத்தவை. மீதிப் பாதி நாளடைவில் தீரக்கூடியவை.

வேகத்துக்கு மின்சாரம் புதிய வரவு என்று பலர் நினைக்கிறார்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டிய முதல் காரே மின்சாரக் கார்தான். பெல்ஜியத்தைச் சேர்ந்த கமீல் ஜெனட்ஸி 1899-இல் பாரிஸுக்கு அருகிலுள்ள ஆஷேர் என்னும் இடத்தில் மணிக்கு 105.88 கி.மீ. வேகத்தில் அதை ஓட்டினார். காரின் பெயர் 'லா ஜாமே கோந்தாந்த்'. ஒருபோதும் திருப்தியடையாதவள் என்று பொருள். அதன் புகைப்படத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும்: காற்றைக் கிழிப்பதற்காக உடற்பகுதியைத் தோட்டா வடிவத்தில் செய்துவிட்டு, ஓட்டுபவரை இடுப்புக்கு மேல் முழுவதும் வெளியே தெரியும்படி உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டிகள் வேகத்தில் பின்தங்கியிருந்தும் பின்னாளில் வென்றதற்குக் காரணம், சிறிய தொட்டியில் பெரிய ஆற்றலைச் சுமந்து செல்ல முடிந்ததுதான். இன்றைய விவாதமும் அதே கணக்கைச் சுற்றியே நடக்கிறது.

மின்சாரக் கார் ஏன் அவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை, மோட்டார் சுழலத் தொடங்கும்போதே முழு முறுக்குவிசையும், அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசையும், கிடைத்துவிடுகிறது என்பது. விடை சரிதான், ஆனால் முழுமையானதல்ல. ஆயிரம் குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் கார்களும் இருக்கின்றன. நின்ற நிலையில் அந்தத் திறனில் பெரும்பகுதியை அவற்றால் சாலையில் இறக்க முடியாது, ஏனென்றால் டயர் சுழன்று வீணாகிவிடும். மின்மோட்டாரின் முறுக்குவிசையை மில்லி விநாடிகளில் கூட்டவும் குறைக்கவும் முடிவதால், டயர் வழுக்கத் தொடங்கும் விளிம்பிலேயே அதை நிறுத்தி வைக்க முடிகிறது. நான்கு சக்கரங்களும் இழுக்கின்றன. இடையில் கியர் மாற்றம் என்ற தடையும் இல்லை. இவை மூன்றும் சேர்ந்ததன் விளைவாகத்தான் டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் 1,020 குதிரைத்திறனுடன் மணிக்கு 60 மைல் வேகத்தை 1.99 விநாடியில் எட்டுவதாக அறிவிக்கப்பட்டது.

அந்த 1.99-இல் ஒரு சிறு சூட்சுமம் இருக்கிறது. நேர்கோட்டில் குறுந்தூரம் பாயும் டிராக் (drag) ரேஸிங் மரபுப்படி, கார் முதல் ஓர் அடி தூரம் நகர்ந்த பிறகே கடிகாரத்தை ஓட விடுகிறார்கள். அந்த ஓர் அடிக்கு ஆகும் நேரம் கணக்கில் சேர்வதில்லை. இதை 'ரோல்-அவுட்' என்பார்கள். பெட்ரோல் கார்களை இப்படி அளப்பவர்களும் உண்டு. எனவே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரோல்-அவுட் கழித்த ஓர் எண்ணையும் கழிக்காத ஓர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மணிக்கணக்கில் சண்டையிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தக் காரும் 2 விநாடியில் 100 கி.மீ. வேகத்தை எட்ட வேண்டுமானால் சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 1.4 மடங்கு முடுக்கம் வேண்டும். சாதாரணச் சாலையில் சாதாரண டயர்களால் அது ஆகாது. ஆக இந்தப் போட்டி டயரின் எல்லையை எட்டிவிட்டது, இனிமேல் 1.9-ஆ 1.8-ஆ என்பதில் ஓட்டுபவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. முதல் முறை மிதிக்கும்போது வயிறு முதுகுத்தண்டில் ஒட்டிக்கொள்வதுபோல் இருக்கும். பத்தாவது முறை பக்கத்து இருக்கையில் புதிதாக யாரையாவது உட்கார வைத்தால்தான் சுவாரசியம்.

வேகம் கூடிய பிறகு நிலைமை மாறுகிறது. மோட்டார் குறிப்பிட்ட சுழற்சியைத் தாண்டியதும் அதனுள்ளேயே எதிர் மின்னழுத்தம் உருவாகி முறுக்குவிசையைக் குறைக்கத் தொடங்கும். பெரும்பாலான மின்சாரக் கார்களுக்கு ஒரே ஒரு கியர்தான் என்பதால், கீழ் வேகத்துக்கும் மேல் வேகத்துக்கும் பொதுவாக ஒரு விகிதத்தைத் தேர்ந்தெடுத்து இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இதற்காகத்தான் போர்ஷே 2019-இல் டேகான் என்ற மின்சாரக் காரை வெளியிட்டபோது அதன் பின்னச்சில் இரண்டு வேக கியர்பாக்ஸ் வைத்தது. ரிமாட்ஸ் நெவெரா என்ற மின்சாரக் காரைப் போல 1,914 குதிரைத்திறன் இருந்தால் இந்தக் கவலை இல்லை. அந்தக் கார் 2022-இல் மணிக்கு 412 கி.மீ. வேகத்தை எட்டியது. ஆனால் அது எல்லோருக்குமான விடை அல்ல.

பாராட்ட வேண்டியதையும் மனதாரப் பாராட்டி விடுகிறேன். ஈரமான வளைவுச் சாலையில், மழை பெய்துகொண்டிருக்கும்போது, நல்ல மின்சாரக் காருக்கு ஈடாகத் தன் பிடிமானத்தை நிர்வகிக்கும் பெட்ரோல் காரை நான் ஓட்டியதில்லை. பெட்ரோல் காரின் வழுக்கல் கட்டுப்பாடு இன்ஜினின் பொறியைத் துண்டித்தோ பிரேக்கை அழுத்தியோ வேலை செய்வது. அது செயல்படுவது உங்கள் காலுக்கும் காதுக்கும் தெரியும். மின்மோட்டாரில் அந்தத் தலையீடு நடப்பதே தெரியாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மோட்டார் வைத்த கார்களில் வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் கூடுதல் விசையும் உட்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த விசையும் கொடுத்து காரையே வளைவுக்குள் திருப்பிவிட முடிகிறது. இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திர டிஃபரன்ஷியலால் இந்த வேகத்தில் இதைச் செய்ய முடியாது. பேட்டரி தரைமட்டத்தில் கிடப்பதால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து, கார் பக்கவாட்டில் சாய்வதும் குறைகிறது. அன்றாடம் ஓட்டுவதற்கான வேகமான கார் என்ற வகையில், போட்டி முடிந்துவிட்டது, மின்சாரம் வென்றுவிட்டது. இதை ஒப்புக்கொள்ளாத கார் பிரியர் தன் கண்ணையே நம்பாதவர்.

இனி எடைக்கு வருகிறேன். ஈர்ப்பு மையம் தாழ்வாக இருப்பதால் எடை தெரியாது என்று விற்பனைப் பேச்சில் அடிக்கடி கேட்கலாம். சாய்வதுதான் தெரியாது, டயருக்கு எடை தெரியும். டயரின் மேல் சுமையை இரு மடங்காக்கினால் அதன் பிடிமானம் இரு மடங்காவதில்லை, அதற்குக் குறைவாகவே கூடுகிறது. எனவே எடை கூடக் கூட ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பிடிமானம் குறைகிறது. அதை ஈடுகட்ட அகலமான டயர் போடுகிறார்கள். அகலமான டயருக்குப் பெரிய சக்கரம். காரை நிறுத்தப் பெரிய பிரேக். இத்தனையையும் தாங்க விறைப்பான ஸ்பிரிங், கனமான சஸ்பென்ஷன் கைகள். இவையெல்லாம் மீண்டும் எடையைக் கூட்டுகின்றன. இலகுவான கார்களுக்குப் பெயர் பெற்ற லோட்டஸின் வரலாறே இதற்குச் சாட்சி. 1996-இல் வந்த அதன் எலீஸ் சுமார் 725 கிலோ. அதே நிறுவனத்தின் மின்சார எவையா சுமார் 1,900 கிலோ. எவையாவின் திறன் ஏறக்குறைய 2,000 குதிரைத்திறன் என்பதை நான் மறக்கவில்லை. இரண்டில் எதை நாள் முழுவதும் வளைவுச் சாலையில் ஓட்ட விருப்பம் என்று கேட்டால் எனக்கு யோசிக்கவே தேவையில்லை.

எடை வேகத்தையும் தின்கிறது என்பதற்கு ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் வடக்குத் தடம் நல்ல உரைகல். 20.8 கி.மீ. நீளமுள்ள அந்தத் தடத்தைப் போர்ஷே 911 ஜிடி3 கார் 2021-இல் 6 நிமிடம் 59.927 விநாடியில் சுற்றியது. அதன் இன்ஜின் 510 குதிரைத்திறன். எடை சுமார் 1,430 கிலோ. அதே நிறுவனத்தின் டேகான் டர்போ ஜிடி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைத்திறனுடன், 2,200 கிலோவுக்கும் மேற்பட்ட எடையுடன், 7 நிமிடம் 7.55 விநாடி எடுத்துக்கொண்டதாக 2024-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டையும் ஓட்டியவர் லார்ஸ் கெர்ன் என்னும் அதே ஓட்டுநர். இரு மடங்கு திறன் கைவசம் இருந்தும் ஏழு விநாடிக்கு மேல் பின்தங்கல். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: டேகான் டர்போ எஸ் 2022-இல் 7 நிமிடம் 33 விநாடி எடுத்திருந்தது, இரண்டே ஆண்டுகளில் 25 விநாடிக்கு மேல் குறைந்திருக்கிறது. பெட்ரோல் கார்கள் இப்படி ஒரு பாய்ச்சல் பாய்ந்து வெகுகாலம் ஆகிறது. 2025-இல் சீனாவின் யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம் ஏழு நிமிடத்துக்குள் சுற்றி முடித்தது. அந்த வேலைக்கு அதற்கு ஏறக்குறைய 3,000 குதிரைத்திறன் வேண்டியிருந்தது.

இந்த எண்கள் என் உடம்புக்குப் புரிந்தது ஒரு டிராக் டேயில். சொந்தக் காரைக் கொண்டுபோய்ப் பந்தயத் தடத்தில் ஓட்ட அனுமதிக்கும் அந்த நாளில், இரண்டு டன்னைத் தாண்டும் மின்சார செடான் ஒன்று என் கையில் இருந்தது. எந்த நிறுவனத்தின் கார் என்பது இங்கே தேவையில்லை; அந்த எடையுள்ள எந்தக் காரும் அன்று ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொண்டிருக்கும். முதல் சுற்றில் நேர்ப்பாதையின் முடிவில் ஸ்பீடோமீட்டர் 205 காட்டியது. வளைவுக்கு இன்னும் 150 மீட்டர் என்று காட்டும் பலகையில் பிரேக் அழுத்தினேன், கார் சொன்னபடி நின்றது. இரண்டாவது சுற்றிலும் அப்படியே. மூன்றாவது சுற்றில் பிரேக் பெடல் ஒரு விரற்கடை கூடுதலாக உள்ளே போனது. அடுத்த முறை 200 மீட்டர் பலகையிலேயே கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. நான்காவது சுற்றின் பாதியில் திரையில் மஞ்சள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. பேட்டரி சூடாகிவிட்டதால் திறன் குறைக்கப்படுகிறது என்றது. பிட் பகுதிக்குள் வந்து இறங்கியபோது பிரேக் பேடு கருகும் வாடை. இடது முன் டயரின் வெளி விளிம்பில் ரப்பர் சுருள் சுருளாகத் திரண்டு, பென்சில் அழிப்பான் தேய்ந்த துகளைப் போல் ஒட்டிக்கொண்டிருந்தது.

கணக்கிட்டுப் பார்த்தால் இதில் வியப்பில்லை. மணிக்கு 200 கி.மீ. வேகத்திலிருந்து 80 கி.மீ. வேகத்துக்கு வர, இரண்டு டன் கார் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 2.6 மெகாஜூல் ஆற்றலைக் கழிக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை மோட்டார்கள் மின்சாரமாக மாற்றிப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். எஞ்சியது பிரேக் டிஸ்க்கில் சூடாக மாறும். பேட்டரி ஏற்கெனவே சூடாகிவிட்டால் திருப்பி அனுப்புவதும் குறையும். அப்போது முழுச் சுமையும் டிஸ்க்கின் தலையில் விழும். ஒரு டன் காருக்குக் கழிக்க வேண்டிய ஆற்றலே பாதிதான்.

அன்று பிற்பகல் நண்பர் ஒருவர் தம் சிறிய இரண்டு இருக்கை பெட்ரோல் காரின் சாவியைக் கொடுத்தார். ஒரு டன்னுக்குச் சற்று மேல் எடை. 180 குதிரைத்திறன்கூடக் கிடையாது. நேர்ப்பாதையில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். ஆனால் வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி, பிரேக்கை மெல்ல விடுவிக்கும்போது, முன் டயரின் மேல் இருந்த சுமை எப்படிக் கரைந்து பின்பக்கத்துக்கு நகர்கிறது என்பது ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்தது. கொஞ்சம் முன்னதாக விட்டால் மூக்கு வெளியே போகிறது; கொஞ்சம் தாமதித்தால் வால் அசைகிறது; இரண்டுக்கும் நடுவே கால் கட்டைவிரல் அளவில் ஓர் இடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. இருபது சுற்று முடிந்த பிறகும் பிரேக் பெடல் இருந்த இடத்திலேயே இருந்தது. சட்டை முழுவதும் நனைந்திருந்தது. காலையில் மின்சாரக் காரிலிருந்து இறங்கியபோது நான் வியந்தது காரைப் பற்றி. பிற்பகலில் இறங்கியபோது யோசித்துக்கொண்டிருந்தது என் பிழைகளைப் பற்றி. பெர்ஃபார்மன்ஸ் காரை எதற்காக வாங்குகிறோம் என்பதற்கு என்னிடம் உள்ள விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

800 வோல்ட் அமைப்பு வந்தால் சூட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. அதே திறனுக்கு மின்னழுத்தத்தை இரு மடங்காக்கினால் மின்னோட்டம் பாதியாகும். கம்பிகளில் உண்டாகும் சூடு கால் பங்காகும். கம்பியை மெலிதாக்கலாம், விரைவாக சார்ஜ் செய்யலாம். ஆனால் பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் தர வேண்டிய திறன் மாறுவதில்லை. அதே செல்களை வேறு வரிசையில் கோத்திருக்கிறோம், அவ்வளவே. செல்லுக்குள் பிறக்கும் சூடு அப்படியேதான் இருக்கும். அதைத் தணிப்பது குளிர்விப்பு முறையின் திறமை, செல்லின் உள் மின்தடை ஆகியவற்றைப் பொறுத்தது. மேலும், சார்ஜ் குறையக் குறைய பேட்டரியின் மின்னழுத்தம் சரிவதால், 90 சதவீதத்தில் கிடைத்த உச்சத் திறன் 20 சதவீதத்தில் கிடைக்காது. பெட்ரோல் தொட்டியின் கடைசி ஐந்து லிட்டரும் முதல் ஐந்து லிட்டரைப் போலவே எரியும்.

அடிப்படைக் கணக்கு ஆற்றல் அடர்த்தி. 60 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 45 கிலோ. அதில் 500 கிலோவாட் மணிக்கு மேல் ஆற்றல் உண்டு. இன்ஜின் அதில் 30 சதவீதத்தை மட்டும் பயன்படுத்தி மற்றதைச் சூடாக வீணாக்கினாலும் சுமார் 160 கிலோவாட் மணி சக்கரத்தை அடையும். அந்த அளவு ஆற்றலைச் சேமிக்க இன்றைய கார் பேட்டரித் தொகுப்புக்கு ஒரு டன் வரை எடை வேண்டியிருக்கும். மோட்டார் தன் ஆற்றலில் 90 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்றுகிறது என்பது பெரிய பெருமை. ஆனாலும் சுமந்து வரும் மூட்டை பெரிது. பெட்ரோல் கார் ஓட ஓட எடை குறைகிறது. காலியான பேட்டரியும் நிறைந்த பேட்டரியும் ஒரே கனம். தடத்தில் சராசரியாக 200 கிலோவாட் செலவழித்துக்கொண்டு ஓடினால் 20 நிமிடத்தில் 67 கிலோவாட் மணி போய்விடும். அதற்குப் பிறகு சார்ஜரைத் தேட வேண்டியதுதான்.

மின்சாரத்தால் இலகுவான காரைச் செய்யவே முடியாது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. தூரம் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஃபோக்ஸ்வாகன் 2018-இல் காட்டியது. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயம் 20 கி.மீ. தூரம், 156 வளைவுகள். தொடங்குவது 2,860 மீட்டர் உயரத்தில், முடிவது 4,300 மீட்டர் உயரத்தில். மேலே போகப் போகக் காற்று மெலிந்து பெட்ரோல் இன்ஜின் மூச்சு வாங்கும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜின் உச்சியை நெருங்கும்போது தன் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருக்கும். மோட்டாருக்கு ஆக்சிஜன் தேவையில்லை. ஃபோக்ஸ்வாகன் ஐ.டி.ஆர் என்ற மின்சாரப் பந்தயக் காரை ரோமன் டூமா 7 நிமிடம் 57.148 விநாடியில் உச்சிக்கு ஓட்டிச் சென்றார். அந்த மலையை எட்டு நிமிடத்துக்குள் ஏறிய முதல் கார் அது. பேட்டரியை அந்த ஒரு ஏற்றத்துக்குப் போதுமான அளவுக்கே செய்திருந்ததால் காரின் எடை 1,100 கிலோவுக்கும் கீழே நின்றது. திறன் 680 குதிரைத்திறன்தான். அடுத்த ஆண்டு அதே கார் நியூர்பர்க்ரிங் தடத்தை 6 நிமிடம் 5.336 விநாடியில் சுற்றியது. முன்பு சொன்ன 3,000 குதிரைத்திறனுடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஐ.டி.ஆர் சாலைக்கு வராத பந்தயக் கார், மற்றவை பதிவெண் போட்டு ஓட்டக்கூடியவை என்பதால் ஒப்பீடு சரிசமமானதல்ல என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் எந்தத் திசையில் போனால் பலன் உண்டு என்பது அதில் தெரிகிறது.

எலீஸின் வழிவந்த டெஸ்லாவின் முதல் ரோட்ஸ்டர் 2008-இல் அந்தத் திசையில்தான் கிளம்பியது: 53 கிலோவாட் மணி பேட்டரி, 450 கிலோ பேட்டரி எடை, மொத்தம் சுமார் 1,300 கிலோ. அதன் பிறகு செல்களின் ஆற்றல் அடர்த்தி கணிசமாகக் கூடியிருக்கிறது. அந்த ஆதாயத்தை எடையைக் குறைக்கப் பயன்படுத்தியிருக்கலாம். தொழில்துறை பெரும்பாலும் அதைத் தூரத்தைக் கூட்டவும் காரைப் பெரிதாக்கவும் செலவழித்தது. வாங்குபவர்கள் முதலில் கேட்பது எத்தனை கி.மீ. ஓடும் என்பதைத்தான் என்கிறபோது நிறுவனங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் 250 கி.மீ. மட்டுமே ஓடக்கூடிய, 1,200 கிலோ எடையுள்ள, இரண்டு இருக்கை மின்சாரக் கார் ஒன்றை யாராவது செய்தால் முதல் வரிசையில் நான் நிற்பேன்.

சத்தத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். சத்தத்தை அலங்காரமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை, அது தகவல். லெக்ஸஸ் எல்எஃப்ஏ காரின் 4.8 லிட்டர் வி10 இன்ஜின் ஓய்வு நிலையிலிருந்து நிமிடத்துக்கு 9,000 சுற்றை எட்ட 0.6 விநாடிதான் ஆகும். சாதாரண முள்ளால் அந்த ஏற்றத்தைத் தொடர முடியாது என்பதால் இன்ஜின் சுற்றைத் திரையில் காட்டும் டிஜிட்டல் டாக்கோமீட்டரை வைத்தார்கள். கண்ணால் பின்தொடர முடியாததைக் காது பின்தொடர்ந்தது. எந்த கியரில் எவ்வளவு சுற்றில் இருக்கிறோம், வேகம் எவ்வளவு, இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே தெரிந்துவிடும்.

ஹூண்டாய் ஐயானிக் 5 என் 2023-இல் வந்தபோது, இல்லாத கியர்களை இருப்பதுபோல் நடிக்கும் வசதி அதில் இருப்பதைக் கேள்விப்பட்டு நானும் நக்கலடித்தவன்தான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பைத் தட்டினால் மோட்டாரின் விசையை ஒரு கணம் துண்டித்து, கியர் மாறியதுபோல் ஓர் உதறல் தருகிறது. மேல் எல்லையில் மாற்ற மறந்தால் இன்ஜின் முட்டி நிற்பதுபோல் முட்டி நிற்கிறது. ஒலிபெருக்கியில் சத்தமும் உண்டு. பொம்மைத்தனம் என்று நினைத்தேன். பிறகு ஓட்டிப் பார்த்தேன். அந்த வசதியை அணைத்துவிட்டு வளைவுகளுக்குள் போனபோது ஒவ்வொரு முறையும் நான் நினைத்ததைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன், பிரேக்கைத் தாமதமாகவே அழுத்தினேன். மீண்டும் போட்டபோது 'மூன்றாவது கியர், பாதிச் சுற்று' என்ற பழக்கமான அளவுகோல் திரும்பி வந்தது. நடிப்புதான், ஆனால் தகவல் உண்மையானது. இதைவிடப் பொருத்தமாக, மின்மோட்டாரின் இயல்பான ஒலியையே கொண்டு இந்தத் தகவலைத் தரும் வழியை யாராவது கண்டுபிடிக்கலாம். அதுவரை இந்த நடிப்பை நான் கேலி செய்ய மாட்டேன்.

பழைய கிளாசிக் கார்களின் இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டார் பொருத்துவதைப் பற்றியும் என்னிடம் கேட்பதுண்டு. இன்ஜின் மீட்க முடியாத நிலையில் இருந்தால் செய்யுங்கள். நல்ல இன்ஜினை எடுத்துவிட்டுச் செய்வது எனக்கு ஒப்பவில்லை.

இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த கலப்பின (ஹைப்ரிட்) வகையை நான் முன்பு ஒரு சமரசமாகவே பார்த்தேன். இப்போது அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன். 2024-இல் வந்த 911 கரேரா ஜிடிஎஸ்ஸில் போர்ஷே 1.9 கிலோவாட் மணி அளவுள்ள மிகச் சிறிய பேட்டரியை மட்டும் வைத்து, டர்போவின் தண்டிலேயே ஒரு மின்மோட்டாரைப் பொருத்தியது. புகைக்காற்று வந்து டர்போவைச் சுழற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கால் அழுத்தியவுடன் மோட்டாரே சுழற்றிவிடும். கூடுதல் எடை சுமார் 50 கிலோதான். இன்னொரு சான்று இதைவிடச் சுவையானது. உலகின் மிக வேகமான மின்சாரக் கார்களில் ஒன்றான நெவெராவைச் செய்த மாட்டே ரிமாட்ஸ், 2021-இல் புகாட்டியின் பொறுப்பும் தம் கைக்கு வந்த பிறகு, ஷிரோனுக்கு அடுத்த காரை முழு மின்சாரக் காராகச் செய்யவில்லை. 2024-இல் அறிமுகமான புகாட்டி டூர்பியோனில் 8.3 லிட்டர் கொள்ளளவும் டர்போ இல்லாத பதினாறு சிலிண்டர்களும் கொண்ட இன்ஜினை வைத்து, அதனுடன் மின்மோட்டார்களைச் சேர்த்தார். மின்சாரத்தின் வலிமையை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. அவரே இப்படி முடிவெடுத்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

உங்கள் முடிவுக்கு வருவோம். ஒரே ஒரு கார்தான் வைத்துக்கொள்ள முடியும், அதில்தான் தினமும் வேலைக்கும் போக வேண்டும், வார இறுதியில் எப்போதாவது நல்ல சாலையில் ஓட்ட வேண்டும் என்றால், மின்சாரக் காரை வாங்குங்கள், வருந்த மாட்டீர்கள். டிராக் டேக்களுக்கு அடிக்கடி போகிறவர் என்றால், அல்லது எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசியமில்லாமல் ஓட்டுவதற்காகவே ஓட்டுகிறவர் என்றால், இலகுவான பெட்ரோல் காரை இப்போதைக்குக் கைவிடாதீர்கள்.

எதை வாங்குவதானாலும் சோதனை ஓட்டத்தின்போது ஆக்ஸிலரேட்டரை அடிவரை அழுத்திப் பார்ப்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள். அது எப்படியிருக்கும் என்பதை விற்பனையாளரே வாய் வலிக்கச் சொல்லிவிடுவார். சாலை மேடு பள்ளமாக இருக்கும் ஒரு வளைவைத் தேடிப் போய், மிதமான வேகத்தில் இரண்டு முறை திரும்பிப் பாருங்கள். இரண்டு டன்னை அடக்கப் போட்டிருக்கும் ஸ்பிரிங்கின் விறைப்பு உங்கள் முதுகுக்குத் தெரியும். இருக்கையில் உட்காரும் உயரத்தைக் கவனியுங்கள். அடியில் பேட்டரி இருப்பதால் பல கார்களில் நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் இருக்கும். கடைசியாக ஒன்று: சோதனை ஓட்டத்துக்குக் கார் முழு சார்ஜுடன் வர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நிறைந்த பேட்டரியால் பிரேக் ஆற்றலைத் திருப்பி வாங்க முடியாது. அப்போது மோட்டார் பிடிக்கும் வேலையை டிஸ்க்கே செய்ய வேண்டும். புறப்பட்ட முதல் சில கிலோமீட்டரில் பெடல் எப்படியிருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, சார்ஜ் கொஞ்சம் இறங்கிய பிறகு அதே இடத்தில் மீண்டும் அழுத்திப் பாருங்கள். இரண்டு முறையும் கால் ஒரே அழுத்தத்தில் ஒரே பதிலைப் பெற்றால், அந்தக் காரைச் செய்தவர்களில் ஒருவராவது ஓட்டத் தெரிந்தவர்.